இருந்தால் எழும்ப மனம் வராத கொங்கிறீட் வாங்கு

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கத்தில் மேசன் வேலை செய்கிறேன். முற்றத்துக்கு, கோயில் வீதிக்கு, பஸ் தரிப்பிடத்துக்கு என்று வாங்கு கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை அடி நீளம் என்றுதான். நான் முதலில் கேட்பது யார் இருக்கப்போகிறார்கள் என்று. கொங்கிறீட் ஒரு நூல்கூட அமுங்காது. ஆளின் அளவுக்குத்தான் அதை வார்க்க வேண்டும்.

வீட்டு அப்பாச்சியைச் செருப்போடு ஒரு கதிரையில் இருத்தி, முழங்காலின் பின்மடிப்பில் இருந்து நிலம் வரை அளவுங்கள். அதுதான் உயரம். பொதுவாக 17 அங்குலம் சரி. கட்டையான ஆச்சிமாருக்கு 15, 16 போதும். கால் தொங்கினால் தொடை விறைக்கும். ஆழம் 16 அல்லது 17 அங்குலம். அதைக் கூட்டினால் முதுகு சாய்வில் படாது.

இருக்கை பின்பக்கம் ஒரு அங்குலம் பதிந்திருக்கட்டும். சாய்வுப் பலகை 18 அங்குல உயரத்துக்கு 4 அங்குலம் பின்னால் போகட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை அங்குல நீக்கல் கட்டாயம். மார்கழி மழைத் தண்ணீரும் வேப்பம் சருகும் அதால் போய்விடும். நடுவில் குழிவாக வார்த்தால் சொகுசு என்பார்கள். வீட்டுக்குள்ளே என்றால் சரி, வெளியில் அது தண்ணீர்த் தொட்டி.

எல்லாரும் மறப்பது கால் வைக்கும் இடம். வயதானவர் எழும்பும்போது குதிக்காலைப் பின்னால் இழுத்துத்தான் எழும்புவார். ஆகவே தாங்கு சுவர்களை முன் விளிம்பில் இருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளிக் கட்டுங்கள். முன்பக்கத்தை முழுச் சுவராக அடைத்தால் யாராவது கை கொடுத்துத் தூக்க வேண்டிவரும்.

இருக்கைப் பலகையைக் கவிழ்த்து வார்ப்பதுதான் நல்லது. வார்க்கும் பெட்டியின் அடிப்பக்கம் பிறகு மேற்பக்கமாகும், வழுவழுப்பாக வரும். முன் விளிம்பை உருட்ட ஒரு வழி: 2 அங்குல எஸ்லோன் (பிவிசி) பைப்பை நெடுக்காக நாலாகப் பிளந்து, ஒரு துண்டைப் பெட்டியின் முன் மூலையில், குழிந்த பக்கம் கொங்கிறீட்டைப் பார்க்க ஒட்டுங்கள். பின்னால் உள்ள வெற்றிடத்தைக் களிமண்ணால் அடையுங்கள். கூர் விளிம்பு தொடையை அறுக்காது.

5 அடிப் பலகைக்குத் தடிப்பு 3 அங்குலம், நீளப்பாட்டில் 10 மில்லிமீற்றர் கம்பி மூன்று, குறுக்கே 6 மில்லிமீற்றர். கவிழ்த்து வார்ப்பதால் கம்பி பெட்டியின் மேல்பக்கமாக இருக்க வேண்டும், அதன்மேல் ஒரு அங்குலம் கொங்கிறீட் மூடவேண்டும். திருப்பி வைத்தால் அது அடியில் வந்துவிடும், ஆள் இருக்கும்போது இழுவை அங்கேதான். சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, அரை அங்குலச் சல்லி மூன்று. 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு 25 லீற்றருக்கு மேல் தண்ணீர் விடாதீர்கள்; மணல் ஈரமென்றால் இன்னும் குறையுங்கள். தீவுப்பகுதியிலும் கடற்கரையோரத்திலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கழுவாத கடல் மணலும் வேண்டவே வேண்டாம். உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்துக் கொங்கிறீட்டைப் பிளக்கும்.

ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு நனையுங்கள். அதற்கு முன் புரட்ட வேண்டாம். பலகை 120 கிலோவுக்குக் கிட்ட வரும், நாலு பேராவது தேவை.

வைக்கும் இடமும் சொகுசில் சேர்த்தி. கொங்கிறீட் பகல் வெயிலைக் குடித்துவைத்துப் பொழுதுபட்ட பிறகும் சுடும். வேப்பமர நிழல், இல்லாவிட்டால் வீட்டின் கிழக்குப் பக்கம்; மத்தியானத்துக்குப் பிறகு நிழல் விழும். நிழலே இல்லையென்றால் இருக்கையின்மேல் பனஞ்சலாகைகளை அரை அங்குல இடைவெளி விட்டு ஆணிதிருகிப் பூட்டலாம். அந்த வாங்குக்கு உயரத்தில் சலாகையின் தடிப்பைக் கழித்துவிடுங்கள்.

கடைசியாக, ஞாபகார்த்தமாகக் கட்டுகிறவர்களுக்கு. சாய்வுப் பலகையின் முன்பக்கம் புடைப்பெழுத்தில் பெயர் போடச் சொல்வார்கள். சாய்ந்தால் ‘உபயம்’ முதுகில் பதியும். பின்பக்கம் போடுங்கள், ஒழுங்கையால் போகிறவர்களுக்கும் தெரியும்.