டர்ட் பைக் ஆயில் ஃபில்டர்: தூக்கிப் போடுவதா, கழுவி மாட்டுவதா?

புதிதாக டர்ட் பைக் (மண், மேடு பள்ளத்தில் ஓட்டும் பைக்) வாங்கியவர்கள் முதல் தடவை ஆயில் மாற்றும்போதே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். காகித ஃபில்டர் மலிவு. ஒருமுறை போட்டுவிட்டு எறிந்துவிடலாம். ஸ்டீல் வலை ஃபில்டருக்கு விலை அதிகம்; ஆனால் கழுவிக் கழுவிப் பல வருடம் ஓட்டலாம். பலரும் காசுக் கணக்கு போட்டு முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: ஆயில் மாற்றும் அன்று அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த வலையைப் பொறுமையாகச் சுத்தம் செய்யும் ஆளா நீங்கள்?

படி 1: உங்கள் பைக்கில் ஃபில்டர் இருக்கிறதா?

சிரிக்க வேண்டாம். டூ-ஸ்ட்ரோக் பைக் என்றால் இந்தக் கேள்வியே இல்லை. அதில் இன்ஜினுக்கான ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்துவிடும். கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் மாற்றினால் போதும். ஹோண்டா சிஆர்எஃப் 110, 230 மாதிரி சாதுவான ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்குகளில் ஒரு சல்லடையும், சுழலும் வேகத்திலேயே அழுக்கை ஓரத்துக்குத் தள்ளும் ஒரு கிண்ணமும்தான் இருக்கும். மாற்றக்கூடிய ஃபில்டர் இருப்பது யமஹா ஒய்இசட் 250எஃப், கேடிஎம் 250 எஸ்எக்ஸ்-எஃப், ஹோண்டா சிஆர்எஃப் 250ஆர் போன்ற பந்தய ரக ஃபோர்-ஸ்ட்ரோக்குகளில். இன்ஜின் பக்கவாட்டில் இரண்டு மூன்று சின்ன போல்ட்டுகளால் மூடிய வட்ட மூடிக்குள் அது இருக்கும்.

படி 2: அந்த ஆயில் படும் பாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

காரில் நான்கு லிட்டர் ஆயில் வேலையைப் பகிர்ந்துகொள்கிறது. ஒரு 250 சிசி மோட்டோகிராஸ் (மண் பாதைப் பந்தய) பைக்கில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அந்த ஒரு லிட்டரை வைத்துக்கொண்டு இன்ஜின் நிமிடத்துக்குப் பதிமூன்றாயிரம் சுற்றைத் தாண்டும். போதாததற்கு கிளட்ச் பிளேட்டுகளும் அதே ஆயிலில்தான் குளிக்கின்றன. தேயும் பிளேட்டின் நார்த்துகள், கியர் உரசும் இரும்புத்தூள் எல்லாம் அதில் கலக்கும். (2002-ல் வந்த சிஆர்எஃப் 450ஆர்-இல் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஹோண்டா தனித்தனி ஆயில் கொடுத்தது. கிளட்ச் அழுக்கு இன்ஜின் பக்கம் வராது. ஆனால் ஒவ்வொரு பக்கமும் ஆயில் இன்னும் குறைவு.) அதனால்தான் இங்கே கிலோமீட்டர் கணக்கு செல்லாது. ஓடிய மணி நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஒரு ஹவர் மீட்டர் மாட்டிவிடுங்கள்.

படி 3: 'மைக்ரான்' விளம்பரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஸ்காட்ஸ் நிறுவனம் தன் ஸ்டீல் வலை ஃபில்டருக்கு 35 மைக்ரான் என்கிறது. நெய்த வலையில் ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவாக இருப்பதால் அதைவிடப் பெரிய உருண்டைத் துகள் உள்ளே போக வழியில்லை. காகிதம் அப்படியில்லை. நார்கள் கன்னாபின்னாவென்று பின்னிக் கிடக்கும். ஓரிடத்தில் 10 மைக்ரான் துகளையும் பிடிக்கும், இன்னோரிடத்தில் அதைவிடப் பெரியதை விட்டுவிடும். ஆக, காகித ஃபில்டர் பெட்டியில் 20 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் சராசரிக் கணக்குதான். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து 'இது சின்னது, இதுவே நல்லது' என்று முடிவு கட்டாதீர்கள்.

ஸ்டீல் வலையின் உண்மையான பலம் வேறு. காலைக் குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதும் அது வழிவிடும். காகிதத்தில் ஆயில் நுழையத் திணறினால், பல இன்ஜின்களில் இருக்கும் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். ஆயில் வடிகட்டாமலே சுற்றும். ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் உள்ளே போய்விட்டால் காகிதம் ஊறிப் பலமிழக்கும், ஸ்டீலுக்குக் கவலையில்லை. காகிதத்தின் பலமோ அதன் ஆழம். மிக நுண்ணிய தூளில் ஒரு பகுதியை அது உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்; ஃபில்டரை எறியும்போது அந்தத் தூளும் அதோடு போய்விடும்.

படி 4: கணக்கு

ஒரு ஸ்டீல் ஃபில்டர் விலைக்குக் காகிதம் ஏறக்குறைய பத்து வாங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 90 மணி நேரம் ஓட்டி, ஹோண்டா பந்தய மாடல்களுக்குச் சொல்லும் 15 மணி நேரக் கெடுவில் மாற்றினால் வருடத்துக்கு ஆறு. இரண்டு வருடத்துக்குள் ஸ்டீல் போட்ட காசை எடுத்துவிடும். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் ஓட்டுபவருக்கு அது பைக்கையே விற்கும் வரை எடுக்காது. அந்தக் காசுக்கு நல்ல ஆயில் வாங்கி, சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவதே மேல்.

ஸ்டீல் என்றால் குப்பை குறையும் என்ற சுற்றுச்சூழல் பேச்சையும் நான் பாதிதான் நம்புகிறேன். வலையைக் கழுவிய கறுப்பு மண்ணெண்ணெயும் கழிவுதானே. அதையும் பழைய காகித ஃபில்டரையும் பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

படி 5: முடிவு

புது பைக், அல்லது பிஸ்டன், பேரிங் மாற்றிய இன்ஜின் என்றால் முதல் சில ஆயில் மாற்றங்களுக்குக் காகிதம்தான். அந்த நேரத்தில் தூள் நிறைய வரும். அதைத் தூக்கி எறிய முடிவது பெரிய நிம்மதி. முதல் வருடம் ஓட்டும் எவருக்கும் இதையே சொல்வேன். கைப்பழக்கம் வந்தபின், அடிக்கடி ஓட்டினால் ஸ்டீலுக்கு மாறுங்கள். இன்ஜினுக்குள் எதாவது உடைந்து இரும்புச் சில்லு சிதறியிருந்தால், அந்த ஸ்டீல் ஃபில்டரைக் கழுவி மறுபடி மாட்ட வேண்டாம். விலையை நினைத்து மனசு கேட்காது, ஆனாலும் வேண்டாம்.

படி 6: பழைய ஃபில்டரைப் படியுங்கள்

பலரும் விடுவது இதைத்தான். இன்ஜினைச் சூடாக்கி, ஆயிலை வடித்து, ஃபில்டரை வெளியே எடுங்கள். காகிதம் என்றால் கத்தியால் கிழித்து மடிப்புகளை விரியுங்கள். ஸ்டீல் என்றால் வெள்ளைத் துணியில் தட்டுங்கள். மினுமினுப்பாக மாவு போல அலுமினியம் இருந்தால் பயமில்லை. கறுப்பு நார் என்றால் கிளட்ச் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் செதில், ஊசி மாதிரித் துண்டு வந்தால் கியர் அல்லது பேரிங். பைக்கை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பித்தளை நிறத்தில் வந்தாலும் அப்படியே.

படி 7: ஸ்டீல் என்றால் கழுவுவது

சுத்தமான மண்ணெண்ணெயில் ஊற வைத்து மெல்லிய பிரஷால் நீவுங்கள். கம்பி பிரஷ் கூடவே கூடாது. பெரும்பாலான பைக்குகளில் ஆயில் வெளியிலிருந்து உள்ளே போகிறது, அழுக்கு வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும். அதனால் அலசுவதும் காற்றடிப்பதும் உள்ளிருந்து வெளியே. கம்ப்ரஸரை முழு வேகத்தில் வலையின் மேல் வைத்தால் நெசவு விலகிவிடும்; அழுத்தத்தைக் குறைத்து, தள்ளிப் பிடியுங்கள். அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். ஒரே சீராக ஒளி வர வேண்டும். இருட்டாக இருந்தால் அழுக்கு பாக்கி. ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்றால் ஓட்டை, ஃபில்டர் ஆயுள் முடிந்தது.

படி 8: மாட்டுவது

திசை முக்கியம். சிஆர்எஃப்-இல் முதலில் ஸ்பிரிங், பிறகு ஃபில்டர், அதன் ரப்பர் சீல் வெளியே பார்க்க வேண்டும். 'அவுட்-சைட்' என்று ஃபில்டரிலேயே அச்சிட்டிருப்பார்கள். திருப்பி மாட்டினால் ஆயில் ஓட்டம் அடைபட்டு இன்ஜின் காலி. மற்ற பைக்குகளுக்கு மேனுவல் படம் பார்த்து வையுங்கள்.

மூடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பழையது மூடிப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் அதன் மேல் புதியதை வைத்து முறுக்கிவிட்டேன். முதல் சுற்றிலேயே பூட்ஸ் முழுக்க ஆயில். விரலால் தடவிப் பழையது போய்விட்டதா என்று பாருங்கள், புதியதற்கு ஒரு சொட்டு ஆயில் தடவுங்கள். மூடியின் சின்ன போல்ட்டுகளுக்கு வழக்கமாக 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். அலுமினியத்தில் பலம் காட்டினால் மறை போய்விடும்.

ஜேஏஎஸ்ஓ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்ட ஆயிலையே ஊற்றுங்கள்; ஆயிலில் குளிக்கும் கிளட்ச்சுக்கு ஏற்ற பைக் ஆயில் என்பதற்கான தர முத்திரை அது. கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு மூடியைச் சுற்றிக் கசிவு பாருங்கள். அணைத்துச் சில நிமிடம் கழித்து ஆயில் அளவைப் பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள். ஹவர் மீட்டர் காட்டும் எண்ணை ஒரு டேப்பில் எழுதி ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) உள்பக்கம் ஒட்டிவிட்டால், அடுத்த தடவை எப்போது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.