குளவி வந்தால் துடைப்பத்தைத் தேடாதீர்கள்

வீட்டுக்குள் ஒரு குளவி நுழைந்தால் போதும், உடனே துடைப்பத்தைத் தூக்கிவிடுகிறோம். அடி தப்பினால் மிரண்டுபோய்க் கொட்டும். பேசாமல் ஃபேனையும் லைட்டையும் அணைத்துவிட்டு ஒரு சன்னலை மட்டும் திறந்து வையுங்கள். பெரும்பாலும் வெளிச்சத்தைப் பார்த்து அதுவே போய்விடும்.

கண்ணாடியில் முட்டிக்கொண்டே இருக்கிறதா? ஒரு கண்ணாடி டம்ளரை அதன் மேல் கவிழ்த்து, அடியில் பழைய கல்யாணப் பத்திரிகையை மெல்லச் செருகி வெளியே கொண்டுபோய் விடலாம். விடுவதற்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம் காட்டுங்கள். "இடுப்பு நூல் மாதிரி இருக்கு!" என்றாள் என் மகள். அதுவரை அலறிக்கொண்டிருந்தவள்.

சுவிட்ச் பெட்டியோரம் மண்கூடு கட்டுவது தனிக்குளவி. ஒரே ஒரு தாயின் வேலை அது. கூட்டைக் காக்கப் படை கிடையாது. புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயக்கி, உள்ளே அடைத்து, முட்டையிடும். 'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்பார்கள். உண்மையில் அந்தப் புழு, குளவிக் குஞ்சுக்குச் சாப்பாடு! மூடிய கூட்டில் பிறகு வட்டமாக ஓட்டை தெரிந்தால் குஞ்சு பறந்துவிட்டது. அப்புறம் சுரண்டி எடுக்கலாம்.

கூட்டமாக வாழும் பெரிய குளவியான கதண்டின் கூடு என்றால் மட்டும் இந்தத் துணிச்சல் வேண்டாம். கிட்டே போகாமல் தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள்.