அலுமினிய ஃபவுண்டரியை விமான வேலைக்கு மாற்ற: செலவு எந்த வரிசையில்?

பம்ப் உறை ஊற்றிப் பழகிய ஃபவுண்டரி விமான பாகத்துக்கு மாற நினைத்தால், முதலில் விலை விசாரிப்பது பெரும்பாலும் மணலிலேயே அச்சை அடித்துத் தரும் 3டி பிரிண்டருக்குத்தான். எங்கள் வரிசையில் அது மூன்றாவது.

முதல் செலவு உலோகத்தை உருக்கும் வேலைக்கு. ஏ356 என்ற அலுமினியக் கலவையில் இரும்பு 0.20%-ஐத் தாண்டக்கூடாது; தாண்டினால் ஊசி ஊசியாகப் படிகம் வளர்ந்து நீட்சி குறையும். பழைய ஸ்கிராப் கலக்காதீர்கள். இரும்புக் கரண்டிக்கும் கிளறும் கம்பிக்கும் பூச்சு கட்டாயம். கரைந்த ஹைட்ரஜன் வாயுவை நீக்க, சுமார் 720 டிகிரியில் கிராஃபைட் ரோட்டரால் 10–15 நிமிடம் ஆர்கான் செலுத்துங்கள். மேலே சுழி விழுந்தால் வேகத்தைக் குறையுங்கள். அந்தச் சுழியே ஆக்சைடு படலத்தை உள்ளே இழுத்துவிடும்.

பிறகு இரண்டு மாதிரி: ஒன்று காற்றில், மற்றது 80 மில்லிபார் வெற்றிடத்தில் உறையட்டும். இரண்டின் அடர்த்தியையும் நீரில் எடைபோட்டுக் கணக்கிடுங்கள். 2.66, 2.62 என்று வந்தால் வித்தியாசம் 1.5%; ஊற்றலாம். 2%-க்கு மேல் என்றால் நிறுத்துங்கள். மறுபடி வாயு நீக்கியும் இறங்கவில்லையா? குற்றவாளி ஹைட்ரஜன் மட்டுமல்ல, படலமும்தான். மூசையையும் (உருக்கும் பாத்திரம்) இங்காட்டையும் (வாங்கிய உலோகக் கட்டி) பாருங்கள்.

அடுத்தது நிரப்பும் வேகம். கேட்டில் (அச்சுக்குள் உலோகம் நுழையும் வாயில்) நொடிக்கு 0.5 மீட்டரைத் தாண்டினால் மேற்பரப்பு மடிந்து படலம் உள்ளே போகும். வெறும் 1.3 செ.மீ. விழுந்தாலே உலோகம் அந்த வேகத்தைத் தொட்டுவிடும். மேலிருந்து ஊற்றும் பழக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. அடியில் கேட், ஸ்ப்ரூவை (உலோகம் இறங்கும் செங்குத்துப் பாதை) அடுத்து நுரை ஃபில்டர். வசதியிருந்தால் குறைந்த காற்றழுத்தத்தில் கீழிருந்து நிரப்பும் முறைக்கே போய்விடுங்கள்.

இப்போது பிரிண்டர். சுமார் 0.3 மி.மீ. அடுக்குகளில் அடிப்பதால் பேட்டர்னே (மணலில் பதிக்கும் மாதிரி உரு) வேண்டாம். கியர்பாக்ஸ் உறையின் எண்ணெய்ப் பாதைக் கோர்களை (உள்ளே வெற்றிடம் விடும் மணல் உருக்களை) ஒரே துண்டாக எடுக்கலாம். ஆனால் அச்சின் இடுக்குகளில் ஒட்டாத மணல் தங்கும். துடைக்க வழி விட்டே வரையுங்கள், மூடுமுன் போர்ஸ்கோப் (குழாய்க் கேமரா) விட்டுப் பாருங்கள். மணலை ஒட்டும் பைண்டர் கூடினால் வாயு கூடும், வார்ப்பில் பிளோ ஹோல் (வாயுத் துளை) விழும். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மணல் எடுத்துச் சுட்டு, எடை இழப்பை, அதாவது எரிந்துபோன பைண்டரின் அளவை, குறித்து வையுங்கள்.

கடைசியாக, வலிமையூட்டும் டி6 வெப்பப் பதத்துக்கு 540 டிகிரியில் 12 மணி நேரம், சில நொடிகளுக்குள் வெந்நீரில் முக்கல், பிறகு 155 டிகிரியில் 3–5 மணி நேரம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் மெல்லிய சுவர் கோணும். உலைக் கதவிலிருந்து தொட்டிக்குப் போகத் தாமதித்தால் வலிமை போகும். உலை, வெப்ப அளவீட்டுக்கான விமானத் துறைத் தரமான ஏஎம்எஸ் 2750-க்குத் தேறவேண்டும். தனியாக ஊற்றிய சோதனைக் கம்பி நல்ல எண் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். வார்ப்பின் தடித்த இடத்திலிருந்தே அறுத்து இழுத்துப் பாருங்கள்.