பழைய ஷெவர்லே வி8 இன்ஜினை அடையாளம் கண்டு சீரமைப்பது எப்படி: 1969 கமேரோவை வைத்து ஒரு செய்முறை

பழைய அமெரிக்க மசில் கார் ஒன்று கைக்கு வந்ததும் பானட்டைத் திறந்து ஸ்பேனரை எடுக்கத்தான் மனம் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஐம்பது வருடங்களுக்கு மேல் ஓடிய காரில் இன்ஜின் ஒரு முறையாவது மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஏர் கிளீனர் மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் விற்றவர் சொன்ன கதையும் எதையும் உறுதி செய்யாது. பிளாக்கின் (சிலிண்டர்கள் அமைந்திருக்கும் இன்ஜினின் முதன்மை உடல்) இரும்பில் இருக்கும் எண்கள்தான் பேச வேண்டும். அந்த எண்களைப் படிக்காமல் வேலையை ஆரம்பித்தால், காரின் அசல் அடையாளத்தை நீங்களே பட்டறையில் அழித்துவிடக்கூடும். அது ஒருமுறை போனால் போனதுதான்.

இங்கே 1969 ஷெவர்லே கமேரோவை எடுத்துக்கொள்கிறேன். உதிரி பாகங்கள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. முதல்முறை இன்ஜின் பிரிப்பவருக்கு ஷெவர்லே 'ஸ்மால் பிளாக்' (சிறிய வகை வி8; பெரியது 'பிக் பிளாக்') போலப் பொறுமையாகக் கற்றுத்தரும் இன்ஜின் வேறில்லை என்பது என் எண்ணம்.

முதலில்: ஸ்மால் பிளாக்கா, பிக் பிளாக்கா?

இன்ஜினின் மேல் இருபுறமும் உள்ள மூடியான வால்வு கவரைப் பாருங்கள். ஒரு பக்கக் கவரை நான்கு போல்ட்டுகள் பிடித்திருந்தால் ஸ்மால் பிளாக். ஏழு இருந்தால் பிக் பிளாக். இது ஒரு நிமிட வேலை.

ஸ்மால் பிளாக் என்றால் எந்த அளவு என்பதுதான் அடுத்த கேள்வி. 1955இல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய இந்தக் குடும்பத்தில் 1957இல் 283, 1962இல் 327, 1967இல் 302, 350, 1968இல் 307, 1970இல் 400 என்று வரிசையாக வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கண்ணால் பார்த்து "இது 350" என்று சொல்பவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

வார்ப்பு எண்ணைத் தேடுங்கள்

பிளாக்கின் பின்புறம், கியர்பாக்ஸ் வந்து சேரும் விளிம்பின் மேல், ஓட்டுநர் பக்கத்தில் ஏழு இலக்க எண் ஒன்று புடைத்து நிற்கும். அமெரிக்காவில் ஓட்டுநர் பக்கம் என்றால் இடது பக்கம். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருக்கும். பிரேக் கிளீனர் அடித்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். போட்டோ எடுத்து வையுங்கள்.

3970010 என்ற எண் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 1969 தொடங்கி எழுபதுகள் முழுக்க வார்க்கப்பட்ட பிளாக் இது. 302, 327, 350 மூன்றுக்குமே இதே பிளாக் பயன்பட்டது, ஏனென்றால் மூன்றுக்கும் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம். பிஸ்டன்களை நகர்த்தும் தண்டான கிராங்க் மட்டும்தான் வேறு. இதே பிளாக் சாதாரணக் குடும்பக் கார்களுக்கும் பிக்கப் டிரக்குகளுக்கும் போனது. ஆகவே வார்ப்பு எண் ஒரு வட்டத்தைக் காட்டும். அந்த வட்டத்துக்குள் எது என்று சொல்லாது.

வார்ப்புத் தேதி

அதே பின் விளிம்பில், பெரும்பாலும் பயணி பக்கத்தில், ஒரு எழுத்தும் சில எண்களும் புடைத்திருக்கும். எழுத்து மாதம்: ஏ ஜனவரி, பி பிப்ரவரி, இப்படியே எல் டிசம்பர் வரை. அடுத்தது நாள். கடைசி ஒற்றை இலக்கம் வருடம். 'சி 4 9' என்றால் மார்ச் 4, வருடம் 9இல் முடிகிறது. 1969ஆ, 1979ஆ? எண் சொல்லாது. 3970010 பிளாக் இரண்டு வருடங்களிலும் வந்தது என்பதால் இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். முடிவு செய்ய அடுத்த எண் வேண்டும்.

முத்திரைத் திட்டு: எல்லாவற்றையும்விட முக்கியம்

பிளாக்கின் முன்பக்கம், பயணி பக்க ஹெட்டுக்கு (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) சற்று முன்னால், சமமாகச் சீவிய சிறிய திட்டு ஒன்று இருக்கும். இங்கே எண்கள் புடைத்திருக்காது, குத்திப் பதித்திருக்கும். கம்பி பிரஷ், எமரி பேப்பர், கிரைண்டர் எதையும் இந்த இடத்துக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். கரைப்பானும் துணியும் போதும்.

'வி0314டிஇசட்' என்று இருந்தால் இப்படிப் படிக்க வேண்டும்: 'வி' என்பது மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட் ஆலை. 0314 என்பது மார்ச் 14, இன்ஜின் பூட்டப்பட்ட நாள். கடைசி எழுத்துகள் எந்த வகை இன்ஜின், எந்தக் காருக்கானது என்பதைச் சொல்லும் குறியீடு. 1969இல் 'டிஇசட்' என்றால் இசட்/28 என்ற வேகமான வகைக் கமேரோவின் 302. இந்தக் குறியீடுகள் வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு இன்ஜின்களுக்குத் திரும்பப் பயன்பட்டன. அதனால் வருடம் தெரியாமல் பட்டியலைப் பார்ப்பதில் பயனில்லை.

1968 முதல் கார் எண்ணில் (பதிவு எண் அல்ல, ஆலை கொடுத்த அடையாள எண்) ஒரு பகுதியும் இன்ஜினில் பதிக்கப்பட்டது. '19என்' என்று தொடங்கினால்: 1 ஷெவர்லே, 9 என்பது 1969 மாடல், 'என்' ஒஹையோவின் நார்வுட் ஆலை. பின்னால் வரும் ஆறு இலக்கம் வரிசை எண். முன் கண்ணாடி வழியாக டாஷ்போர்டின் இடது மூலையில் தெரியும் கார் எண்ணின் கடைசிப் பகுதியோடு இது ஒத்துப்போனால், காரோடு பிறந்த இன்ஜினாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அந்தக் கார் எண்ணையும் முழுதாகப் படித்துவிடுங்கள். 12437 என்று தொடங்கினால் வி8 கூப்பே. 12337 என்றால் அந்தக் கார் ஆறு சிலிண்டர் இன்ஜினோடு ஆலையை விட்டு வெளியே வந்தது. இப்போது உள்ளே எந்த வி8 இருந்தாலும் அது பின்னால் வந்ததுதான். எந்த வி8 என்பதை 1969 கார் எண் சொல்லாது, இசட்/28ஆ என்பதையும் சொல்லாது.

தேதிகளை வரிசையில் வையுங்கள்

முதலில் பிளாக் வார்க்கப்படும், பிறகு இன்ஜின் பூட்டப்படும், அதன் பின்தான் கார் கட்டப்படும். இந்த வரிசை ஒருபோதும் தலைகீழாகாது. இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்புத் தகட்டில் ரிவெட் அடித்த சிறிய பட்டையில் கார் கட்டிய மாதமும் வாரமும் இருக்கும்: '04பி' என்றால் ஏப்ரல் இரண்டாம் வாரம். மார்ச் 4 வார்ப்பு, மார்ச் 14 பூட்டு, ஏப்ரல் இரண்டாம் வாரம் கார். இது நம்பும்படியான வரிசை. ஜூன் மாத பிளாக்கில் அதே வருட மார்ச் மாத முத்திரை இருந்தால் யாரோ புதிதாகக் குத்தியிருக்கிறார்கள்.

போலி முத்திரை நிறைய உண்டு. 1969இல் 20,302 இசட்/28 கார்கள்தான் வந்தன, விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. ஆலையில் சீவிய திட்டில் முன்பின்னாக ஓடும் மெல்லிய இணைகோடுகள் இருக்கும். திட்டு வழவழப்பாக இருந்தாலோ, வட்டக் கீறல்கள் தெரிந்தாலோ சந்தேகப்படுங்கள். இன்னொரு சோதனை ஆயில் சம்ப்பைக் கழற்றியதும் கிடைக்கும்: 1969இன் 302இல் கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்களில் நடு மூன்றுக்கும் தலா நான்கு போல்ட்டுகள் இருக்க வேண்டும். இரண்டே இருந்தால் 'டிஇசட்' முத்திரை பொய்.

கடைசி உறுதிக்கு ஹெட்டைக் கழற்றி ஸ்ட்ரோக்கை அளக்க வேண்டும். பிஸ்டன் அடியிலிருந்து உச்சி வரை 3 அங்குலம் நகர்ந்தால் 302, மூன்றேகால் என்றால் 327, 3.48 என்றால் 350.

அசல் இன்ஜின் இல்லையென்று தெரிந்தால் வருத்தப்படத் தேவையில்லை, ஓட்ட நல்ல கார்தான். பிளாக்கை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்பதைத்தான் இது முடிவு செய்கிறது.

பிரிப்பதற்கு முன் உடல்நிலை

இன்ஜின் சுற்றுகிறது என்றால், எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கார்புரேட்டரை முழுதாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) பாருங்கள். மிகக் குறைந்தது மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. இறுகிப்போன இன்ஜினை ஸ்டார்ட்டரால் சுற்ற முயலாதீர்கள். பிளக் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, பிறகு கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள்.

பிரித்தல்

இரும்பு பிளாக்கும் இரும்பு ஹெட்டுமாக முழு இன்ஜின் சுமார் 260 கிலோ. தூக்கியின் சங்கிலி தரமானதாக இருக்கட்டும். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. பழைய கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்த நிலையில் சுரண்டித் தூள் பறக்கவிடாதீர்கள், நனைத்து எடுங்கள்.

சில பாகங்கள் தங்கள் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். மெயின் கேப்களும் கனெக்டிங் ராடு கேப்களும் இடம் மாறக் கூடாது, திசையும் மாறக் கூடாது. பிரிப்பதற்கு முன்பே எண் குத்திவிடுங்கள். ஓட்டுநர் பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. பயணி பக்கம் 2, 4, 6, 8. வால்வுகளைத் திறக்கும் தண்டான பழைய கேமையே திரும்பப் போடுவதாக இருந்தால், கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ஒவ்வொரு டேப்பட்டும் தான் உரசிப் பழகிய அதே கேம் மேட்டின் மேல்தான் உட்கார வேண்டும். புதிய கேமுக்கு எப்போதும் புதிய டேப்பட்டுகள்.

சிலிண்டரின் மேல் ஓரத்தில் ரிங் எட்டாத இடத்தில் ஒரு விளிம்பு உருவாகியிருக்கும். அதைச் சீவாமல் பிஸ்டனை மேலே தள்ளினால் பிஸ்டன் உடையும். ராடு போல்ட்டுகளின் மேல் ரப்பர் குழாய் மாட்டிவிட்டுத் தள்ளுங்கள், கிராங்கில் கீறல் விழாது.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்

பிளாக்கைக் கொடுக்கும்போதே முத்திரைத் திட்டைக் காட்டி, "இதைத் தொடக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பிளாக்கின் மேல்தளத்தைச் சமப்படுத்தச் சீவுவது வழக்கமான வேலை. அந்தத் திட்டும் அதே தளத்தில்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் ஒரே ஓட்டத்தில் எண் முழுதும் போய்விடும். நல்ல பட்டறைக்காரர் திட்டுக்கு முன்னாலேயே கட்டரை நிறுத்திவிடுவார்.

முதலில் கொதிதொட்டியில் கழுவல், அடுத்தது காந்தத் தூள் சோதனையில் விரிசல் பார்ப்பது. விரிசல் பார்ப்பதற்கு முன் வேறு எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள். பிறகு சிலிண்டர் தேய்மானம். தேய்மானம் அதிகம் இருந்தால் 0.030 அங்குலம் ஓவர்சைஸ் போர் எடுப்பது (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) வழக்கம்; 350 அப்போது 355 ஆகும். பிஸ்டன்களை முதலில் வாங்கிக் கொடுத்து, அவற்றை அளந்தே போர் செய்யச் சொல்லுங்கள். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தால், அசல் பிளாக் என்கிற பட்சத்தில், ஸ்லீவ் (உள்ளே பொருத்தும் புதுக் குழாய்) போட்டுக் காப்பாற்றுங்கள் என்பேன்.

ஹெட்டில் ஒரு விஷயம். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அது எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தைக் காத்தது. 1996 முதல் அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் கிடையாது. ஹெட் எப்படியும் பட்டறையில் இருக்கும்போதே கடினமான எக்ஸாஸ்ட் சீட் போட்டுவிடுவது நல்லது.

பூட்டுதல்

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கைச் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டு நீங்களே மீண்டும் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். கழுவி உலர்ந்த உடனே ஆயில் தடவுங்கள், இல்லையென்றால் கண்ணெதிரே துரு பிடிக்கும்.

1969 இன்ஜினுக்கான இறுக்கங்கள்: மெயின் போல்ட் 70 அடி-பவுண்டு, நான்கு போல்ட் கேப்பில் வெளிப்போல்ட்டுகள் 65. ராடு போல்ட் 45. ஹெட் போல்ட் 65, மூன்று கட்டமாக, நடுவிலிருந்து வெளிநோக்கி. ஹெட் போல்ட்டுகள் தண்ணீர் ஓடும் அறைக்குள் இறங்குகின்றன; மரைக்குச் சீலர் தடவாவிட்டால் கூலன்ட் கசியும். ஒவ்வொரு கேப்பையும் இறுக்கிய பிறகு கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கே பிடிக்கிறதோ அங்கேயே நிறுத்திக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

டைமிங் செயின் மாட்டும்போது கேம் பல்சக்கரத்தின் புள்ளி கீழேயும் கிராங்கின் புள்ளி மேலேயும் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். அந்த நிலையில் எரியத் தயாராக இருப்பது 6ஆம் சிலிண்டர், 1 அல்ல. கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றிய பிறகே டிஸ்ட்ரிபியூட்டரை 1க்கு வைத்து இறக்குங்கள். எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2, டிஸ்ட்ரிபியூட்டர் கடிகாரத் திசையில் சுற்றும். 5, 7 இரண்டும் அடுத்தடுத்து எரிபவை, இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில். அந்த இரண்டு ஒயர்களையும் ஒட்டி ஓடவிட்டால் தீப்பொறி தாவும், பிரித்து விடுங்கள்.

முதல் ஸ்டார்ட்

டிஸ்ட்ரிபியூட்டரைத் தற்காலிகமாக வெளியே எடுத்து, அந்தத் துளை வழியாகப் பிரைமிங் தண்டை இறக்கி, டிரில்லால் கடிகாரத் திசையில் ஆயில் பம்ப்பைச் சுற்றுங்கள். வால்வுகளை அழுத்தும் பதினாறு ராக்கர்களிலும் ஆயில் வரும்வரை விடாதீர்கள். இடையில் கிராங்கைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டியிருக்கும்.

தட்டையான டேப்பட்டுள்ள புதிய கேமுக்குத் துத்தநாகச் சத்து அதிகமுள்ள ஆயில் கட்டாயம். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் உடனே நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு ஏற்றி, 2,000க்கும் 2,500க்கும் நடுவே ஏற்றி இறக்கி இருபது முதல் முப்பது நிமிடம் ஓட்டுங்கள். கேமுக்கு ஆயில் தெறித்துத்தான் போகிறது, வேகம் குறைந்தால் அது போதாது. ஒருவர் ஆயில் பிரஷர் முள்ளையும் வெப்ப முள்ளையும் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பிரஷர் விழுந்தால் யோசிக்காமல் அணைத்துவிட வேண்டும்.

ஆறியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு இருப்பது இயல்பு. காந்தத்தில் ஒட்டும் ஊசித் துகள்கள் இருந்தால் கேமோ டேப்பட்டோ தேய்கிறது. காந்தத்தில் ஒட்டாத பளபளக்கும் செதில்கள் இருந்தால் பேரிங். இரண்டுமே இல்லையென்றால் புது ஆயில் ஊற்றி, சாலையில் 500 மைல் ஓட்டிவிட்டு அடுத்த ஃபில்டரையும் இதேபோல வெட்டிப் பாருங்கள்.