‘மதர் கரேஜ்’ போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படைகளின் பின்னே வண்டிக்கடையை இழுத்துப் போய்ப் பிழைக்கும் ஒரு தாய், தன் மூன்று பிள்ளைகளையும் போரில் இழக்கும் கதை ‘மதர் கரேஜ்’. ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டின் இந்தப் போர் எதிர்ப்பு நாடகத்தை ராமநாதபுரம் கடற்கரையில் தமிழில் போட முன்வரும் புதுக் குழுக்கள் ஒரே இடங்களில்தான் சறுக்குகின்றன. வசனம் மறப்பது, மைக் இரைவது எல்லாம் ஒத்திகையில் சரியாகிவிடும். மற்றவற்றைப் பார்ப்போம்.

தாயை அழவைப்பது

பெரிய தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்ப வருவதால் எரிச்சலூட்டுவதும் இதுதான். 1941 ஏப்ரலில் சூரிச்சில் நாடகம் முதன்முதலாக மேடையேறியது. பின்லாந்தில் அகதியாக இருந்த பிரெக்டால் போய்ப் பார்க்க முடியவில்லை. நாயகியாக நடித்த தெரேசே கீசேயின் நடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயை மட்டுமே கண்டு விமர்சகர்கள் உருகினார்கள். போரை நம்பிக் கடை நடத்துகிறவளுக்கும் அந்தச் சாவுகளில் பங்குண்டு என்பது எடுபடவில்லை.

அதனால் 1949 ஜனவரியில் பெர்லினில் மேடையேற்றுமுன் பிரெக்ட் பிரதியைத் திருத்தினார். ஐந்தாம் காட்சியில், முதல் பிரதியில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடத் தானே சட்டைகளைக் கிழித்துக் கொடுத்தவள், திருத்திய பிரதியில் தர மறுக்கிறாள். முதல் காட்சியில் அவள் பெல்ட் கொக்கிக்கு விலை பேசும் நேரம் பார்த்துத்தான் மூத்தவனைப் படைக்கு அழைத்துப் போகிறார்கள்.

நம் குழுக்கள் நேரம் மிச்சம் பிடிக்க வெட்டுவது இந்தப் பேரங்களைத்தான்! மூன்றாம் காட்சியில், பிடிபட்ட இளையவனை உயிரோடு விட 200 கில்டர் நாணயம் கேட்கிறார்கள். வண்டி போனால் பிழைப்பும் போகும் என்று அவள் 120 தருவதாகச் சொல்லி அனுப்புகிறாள். முழுத்தொகைக்குச் சம்மதிப்பதற்குள் காலம் கடந்துவிடுகிறது. எண்களை எடுத்துவிட்டு ‘நிறையப் பணம்’ என்று எழுதினால் தாமதம் எதனால் வந்தது என்று யாருக்கும் புரியாது, ஒப்பாரிதான் மிஞ்சும். நாயகியாக நடிப்பவர் பாம்பனில் மீன் ஏலம் நடக்கும்போது ஒரு காலைப்பொழுது நின்று, விலை கேட்கிறவர்களின் முகத்தையும் கையையும் கவனிக்கட்டும்.

பெர்லினில் நாயகியாக நடித்த ஹெலேனே வைகல், மகளைப் புதைக்கக் கைநிறையக் காசு எடுத்து, ஒன்றை மட்டும் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டு மீதியைக் கொடுத்தார். முன்னால் நீளமாகக் கதறினால் இந்தச் செய்கை கண்ணில் படாது.

போரை இலங்கைக்கு மாற்றுவது

வேண்டாம். மண்டபம் முகாமிலிருந்து வருபவர்களும் பார்ப்பார்கள்; யார் எந்தப் பக்கம் என்று தேடவைத்தால் வியாபாரம் மறைந்துவிடும்.

வண்டி

சைக்கிள் சக்கரம் மணலில் புதையும், பலகை பரப்புங்கள். தொடக்கத்தில் இருவர் இழுக்கிறார்களே என்று கனத்தைக் கூட்டாதீர்கள், கடைசியில் அவள் தனியாக இழுக்க வேண்டும்.

முரசு

11ஆம் காட்சியில் வாய்பேச முடியாத மகள் காத்ரின் கூரைமேல் ஏறி, படை தாக்க வருவதை உணர்த்தி ஹாலே நகரத்தாரை எழுப்ப முரசடிக்கிறாள். பறையைப் பயன்படுத்தினால், கடற்காற்றின் ஈரத்தில் அதற்குள் தோல் தளர்ந்திருக்கும். பத்தாம் காட்சி மிகச் சிறியது, அப்போது நேரம் போதாது. ஒன்பதாம் காட்சி நடக்கும்போதே வைக்கோல் தீயில் காய்ச்சி வையுங்கள். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேடையை மேற்கே அமையுங்கள். எதிர்க்காற்றில் பின்வரிசைக்குச் சத்தம் எட்டாது.