சேலம் அம்மாப்பேட்டையில் ஆண்கள் சேர்ந்திசைக் குழு தொடங்க

ஆள் சேர்க்க நோட்டீஸ் அடிக்காதீர்கள். நான் அடித்தேன், ஒருவர்கூட வரவில்லை. டீக்கடையில் முணுமுணுத்துப் பாடுகிறவரைப் பிடித்து, "ஞாயித்துக்கிழமை நம்ம மொட்டைமாடிக்கு வாங்கண்ணா" என்று கூப்பிடுங்கள். ஐந்து பேர் போதும்.

சுருதிதான் பெரிய வேலை. ஆண்கள் பலருக்கு ஒரு கட்டைச் சுருதி, அதாவது ஹார்மோனியத்தில் C, ஒத்துவரும். ஆனால் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். சுருதிப்பெட்டியைப் போட்டு, பாட்டே இல்லாமல் பத்து நிமிஷம் ஸட்ஜம், அதாவது 'ஸ' ஸ்வரம் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்து ஆள் குரல் காதில் விழாவிட்டால் கத்துகிறோம் என்று அர்த்தம். எங்களில் ஒரு அண்ணன் விசைத்தறி ஓட்டுகிறவர், தறிச்சத்தத்துக்கு மேல் பேசியே பழகியவர். அவரை அதட்டவில்லை, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாட வைத்தோம். தன் குரல் உள்ளே கேட்டதும் தானாக அடங்கினார்.

ஜால்ரா ஒரு ஜோடி போதும். சந்தா உடனே வேண்டாம், டீச்செலவை முறைவைத்துக் கொடுக்கலாம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் ஒத்திகையை மறந்துவிடுங்கள், ஒருத்தரும் வரமாட்டார்.

அப்புறம், எட்டுப் பேர் ஆனதும் பாட்டை நோட்டில் எழுதி, யார் எங்கே மூச்சு எடுப்பது என்று பென்சிலால் குறியுங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும்.