ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் கிரீமைச் சந்தேகியுங்கள்

புது கிரீம் பூச ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். முகம் பளிச்சென்று ஆகிவிடும், பருக்களும் அமுங்கிவிடும். 'நல்லா வேலை செய்யுது' என்று தங்கைக்கும் தோழிக்கும் ஆளுக்கொரு டப்பா வாங்கிக் கொடுப்போம். தவறு தொடங்குவதே இங்கேதான். தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 4 வாரம் எடுக்கும். அதற்குள் நிறமே மாறுகிறது என்றால் டப்பாவில் இருப்பது வெறும் கிரீம்தானா என்று கேட்க வேண்டும்.

பெரும்பாலும் பிடிபடுவது பாதரசமும் ஸ்டீராய்டும். பாதரச உப்புகள் மெலனின் என்ற நிறமி உருவாவதைத் தடுக்கின்றன. அதனால்தான் தோல் வெளுக்கிறது. தோல் வழியாக உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தில் தங்கி அதன் வடிகட்டிகளைக் கெடுக்கும். உடம்புக்குத் தேவையான புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகும். கால் வீக்கம், நுரைத்துப் போகும் சிறுநீர், கை நடுக்கம், தூக்கமின்மை: இதையெல்லாம் முகத்தில் தடவும் கிரீமோடு யார் முடிச்சுப் போடுவார்கள்? சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரிடம் ஒன்று விடாமல் ஒப்பிப்போம், கிரீமை மட்டும் சொல்ல மாட்டோம். சொல்லுங்கள். டப்பாவையே கையோடு எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

பூசுகிறவரோடு இது முடிவதில்லை. துண்டிலும் தலையணை உறையிலும் பாதரசம் ஒட்டிக்கொள்ளும், ஆவியாகி அறைக் காற்றிலும் கலக்கும். அம்மா பூசிய கிரீம், கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தையின் உடம்புக்கும் போய்ச் சேரும்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை 2020-லிருந்து, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்தச் சொன்னது. பாதரசம் சேர்த்த எதுவுமே 2025-க்குப் பிறகு கூடாது என்று 2023-இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் சட்டத்தை மீறுகிறவர் லேபிளில் உண்மையை எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியுமா? எழுதியிருந்தால் கேலோமெல், மெர்குரஸ் குளோரைடு போன்ற பெயர்களில் இருக்கும். 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்' என்று ஓர் எச்சரிக்கை இருந்தால் அதைவிடத் தெளிவான வாக்குமூலம் தேவையில்லை. பொருட்களின் பட்டியலே இல்லாத டப்பாவையும் தொடாதீர்கள்.

ஸ்டீராய்டின் கதை வேறு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் எல்லாம் நல்ல மருந்துகள்தான். எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு மருத்துவர் அளவு பார்த்து, நாள் கணக்கு வைத்துக் கொடுப்பவை. அவற்றை மாதக்கணக்கில் முகத்தில் தேய்த்தால் தோல் மெலிந்து, சிவந்த ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். வேண்டாத இடத்தில் முடி வளரும். நிறுத்திப் பார்த்தால் எரிச்சலும் சிவப்பும் பருவும் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். உடனே 'இந்த கிரீம் இல்லாமல் என் முகத்துக்கு ஆகாது' என்று மறுபடியும் அதையே எடுப்போம். கிரீம் உண்டாக்கிய நோய்க்குக் கிரீமே மருந்தாகிவிடும்! இதிலிருந்து வெளியே வரத் தோல் மருத்துவரின் துணை வேண்டும். பாதரசம் என்று சந்தேகம் வந்தாலோ இன்றே நிறுத்திவிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு பக்கம், பயப்பட வேண்டாத இடத்தில் நாம் நிறையவே பயப்படுகிறோம். பாராபென் என்றாலே பலருக்கு நடுக்கம். கிரீமில் கிருமி வளராமல் காக்க நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் பொருள் அது. அதை ஒதுக்கிய நிறுவனங்கள் பல, மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளுக்கு மாறின. விளைவு, ஒவ்வாமையோடு தோல் மருத்துவரிடம் வருபவர்கள் பெருகினார்கள். பூசிவிட்டுக் கழுவாமல் விடும் பொருட்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் பிறகு தடை போட்டது. 'இது இல்லாதது' என்று விளம்பரம் செய்தால், அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

'இயற்கையானது' என்ற சொல்லுக்கு நான் தனி மரியாதை எதுவும் கொடுப்பதில்லை. ஈயமும் இயற்கைதான். கண் மை வகைகள் சிலவற்றில் அது நிறையவே இருந்திருக்கிறது, குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. சீக்கிரம் கருக்க வேண்டும் என்று மருதாணியில் கலக்கும் பிபிடி என்ற தலைச்சாயப் பொருள் தோலைக் கொப்பளிக்க வைக்கும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு முடிக்குச் சாயம் பூசுவதுகூட ஆபத்து. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனாலே தோல் வெந்துபோகலாம்.

லேபிளில் 'பர்ஃப்யூம்' என்று ஒரே சொல் இருக்கும், அதற்குள் பல பத்து வேதிப்பொருட்கள் ஒளிந்திருக்கலாம். தோல் எளிதில் சிவப்பவர்கள் வாசனையே இல்லாததைத் தேடுவது நல்லது. புதிய எதையும் முன்கையின் உட்பக்கம் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு போங்கள். ஒவ்வாமையைத்தான் இந்தச் சோதனை காட்டும், பாதரசத்தைக் காட்டாது.

சந்தேகப்பட்ட கிரீமை நிறுத்திய பிறகும் ஒரு தவறு மிச்சம் இருக்கிறது. டப்பா அழகாக இருக்கிறதே என்று கழுவி, அதில் வேறு எதையாவது போட்டு வைப்பது. கழுவ வேண்டாம், சாக்கடையில் கொட்டவும் வேண்டாம். உறையில் இறுக்கிக் கட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, அபாயக் கழிவுகளை வாங்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள்.